அனியூரிசம் போலத் தோன்றும் புற்று

புகைப்பழக்கம் உள்ள முதியவர் ஒருவருக்கு முழங்காலின் பின்புறத்தில் துடிக்கும் புடைப்பு ஒன்று இருந்தால், அதை அனியூரிசம், அதாவது தமனிச் சுவர் பலவீனமாகிப் பைபோல வீங்குதல், என்று முடிவு செய்யும் மருத்துவரைக் குறை கூற இயலாது. பெரும்பாலும் அது அதுவாகவே இருக்கும். ஆனால் மிக அரிதாக, இரத்தநாளத்தின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் எண்டோதீலியச் செல்களின் தன்மை கொண்ட ஆஞ்சியோசார்கோமா என்னும் கொடிய புற்று, தமனிச் சுவரை அரித்து, இரத்தம் கசிந்து தேங்கும் ஒரு பையை உண்டாக்கி, ஸ்கேனில் அனியூரிசத்தைப் போலவே காட்சியளிக்கும். தசை, கொழுப்பு, இரத்தநாளம் போன்ற மென்திசுக்களில் தோன்றும் புற்றுகளான மென்திசு சார்கோமாக்களில் இவ்வகை 1 முதல் 2 சதவீதமே. பெரிய தமனிகளில் தோன்றுபவை அதிலும் மிகச் சொற்பம்.

அனியூரிசத்தை அடைக்க ஸ்டென்ட் கிராஃப்ட் (தமனிக்குள் வைக்கும் துணி போர்த்திய உலோகக் குழாய்) பொருத்திய பிறகும் பை வளர்ந்தால், முதலில் இரத்தக் கசிவைத்தான் சந்தேகிக்கிறோம்; காய்ச்சலும் எடைக்குறைவும் சேர்ந்தால் கிருமித்தொற்று என்கிறோம். செல்களின் சர்க்கரைப் பயன்பாட்டைக் காட்டும் பெட் ஸ்கேன் தொற்றையும் புற்றையும் பிரித்துக் காட்டாது, இரண்டும் அதில் ஒன்றுபோல ஒளிரும். கசிவும் புலப்படாமல், கல்ச்சரில் (கிருமி வளர்ப்புச் சோதனையில்) எதுவும் வளராமல், ஆன்டிபயாட்டிக்கும் பலனளிக்காமல், வலி மட்டும் கூடிக்கொண்டே போகுமானால், அந்த இடத்திலாவது புற்று என்ற எண்ணம் எழ வேண்டும் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். பை வயிற்றுப் பெருந்தமனியில் இருந்தால் பக்கத்து முதுகெலும்பு அரிக்கப்பட்டிருப்பதும், பையின் வெளிவிளிம்பு ஒழுங்கற்றுத் தடித்திருப்பதும் கூடுதல் எச்சரிக்கைகள்.

1990-இல் புவனோஸ் ஐரிஸில் ஹுவான் பரோடி வயிற்றுப் பெருந்தமனிக்கு உள்வழிச் சிகிச்சையை, அதாவது வயிற்றைத் திறக்காமல் இரத்தநாளம் வழியே ஸ்டென்ட் கிராஃப்டைப் பொருத்துவதை, தொடங்கியது எத்தனையோ உயிர்களைக் காத்த பெரும் முன்னேற்றம். எனினும், திறந்த அறுவையில் கைக்குக் கிடைத்த சுவர்த்திசு இம்முறையில் கிடைப்பதில்லை. பரிசோதிக்க எதுவும் மிஞ்சுவதில்லை.

திசு கிடைத்தாலும் நோய் எளிதில் அகப்படாது. உறைந்த இரத்தத்தை மட்டும் அனுப்பினால், நுண்ணோக்கியில் ஃபைப்ரினும் (இரத்தம் உறையும்போது உருவாகும் புரத இழைகளும்) பழைய இரத்தமும்தான் பக்கம் பக்கமாகத் தெரியும். சுவரோரத் துண்டில், பருத்த உட்கருவும் அதனுள் துலக்கமான நியூக்ளியோலஸும் (உட்கருவினுள் உள்ள சிறு உருண்டையும்) கொண்ட செல்கள் சிறு கூட்டமாக நிற்கும். சிலவற்றின் உள்ளே ஒரு சிறு வெற்றிடமும் அதில் ஒற்றைச் சிவப்பணுவும் இருக்கும். செல்கள் உறைத்திசுச் செல்களைப் போலத் தோன்றும் எபித்தீலியாய்ட் வகையில், இவை உறைத்திசுவுக்குரிய கெராட்டின் புரதத்தைக் காட்டும் சாயத்தையும் ஏற்பதால், வேறு உறுப்பிலிருந்து பரவிய கார்சினோமா (உறைத்திசுப் புற்று) என்று நினைத்துவிட வாய்ப்புண்டு. எண்டோதீலியச் செல்களை அடையாளம் காட்டும் சிடி31, இஆர்ஜி சாயங்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் செல்லின் தன்மை வெளிப்படும்.

ஆகவே அறுவை மருத்துவர்களிடம் என் வேண்டுகோள்: சந்தேகத்துக்குரிய பையைத் திறக்க நேர்ந்தால், உறைகட்டியோடு சுவரின் பல இடங்களிலிருந்தும், ஒட்டியுள்ள மென்திசுவிலிருந்தும் துண்டுகளை அனுப்புங்கள், பை எவ்வளவு வேகமாக வளர்ந்தது என்பதையும் படிவத்தில் எழுதுங்கள்.