மாலை டியூஷன் நாட்குறிப்பு: எஸ், வி, ஓ

ஜூலை 7, திங்கள்

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இன்றைக்கு ஆங்கில இலக்கணத்தில் சென்டன்ஸ் பேட்டர்ன், அதாவது வாக்கிய அமைப்பு, ஆரம்பித்தேன். எஸ் என்றால் எழுவாய் (சப்ஜெக்ட்), வி வினை (வெர்ப்), ஓ செயப்படுபொருள் (ஆப்ஜெக்ட்), சி என்றால் எழுவாயையோ ஆப்ஜெக்டையோ யார், என்ன, எப்படி என்று சொல்லும் காம்ப்ளிமென்ட். ஆப்ஜெக்ட் இரண்டு வந்தால், யாருக்கு என்பது ஐ.ஓ., எதை என்பது டி.ஓ. எஸ்.வி.ஓ., எஸ்.வி.சி., எஸ்.வி.ஐ.ஓ.டி.ஓ. என்று எல்லாரும் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள். சரி என்று பலகையில் ஒரு வாக்கியம் எழுதினேன்: ‘தி ஓல்ட் மேன் இன் தி கார்னர் ஹவுஸ் செல்ஸ் ஃபிளவர்ஸ்.’ எழுவாய் எது? ‘மேன்’ என்றார்கள் பாதிப் பேர். ‘ஹவுஸ்’ என்றான் ஒரு பையன், வினைக்குப் பக்கத்தில் நிற்பது அதுதான் என்பதால்.

முதலில் வினையைப் பிடியுங்கள் என்றேன். ‘செல்ஸ்’. விற்பது யார்? இப்போது அந்த ‘யார்’ இருக்கும் இடத்தில் ‘ஹி’ போட்டுப் பாருங்கள். ‘ஹி செல்ஸ் ஃபிளவர்ஸ்.’ அந்த ஒரு ‘ஹி’ எத்தனை சொல்லை விழுங்கியதோ அத்தனையும் சேர்ந்துதான் எழுவாய். ‘இன் தி கார்னர் ஹவுஸ்’ உட்பட.

எஸ், வி, ஓ என்ற எழுத்துகளை முதலில் மனப்பாடம் பண்ண வைப்பதை நான் வெறுக்கிறேன். வினையைக் கண்டுபிடிக்கத் தெரியாத பிள்ளைக்கு அந்த எழுத்துகளால் ஒரு பயனும் இல்லை.

ஜூலை 8, செவ்வாய்

‘மை ஃபாதர் டிரைவர்.’ நோட்டில் இப்படி எழுதியிருந்த பெண்ணைத் திட்ட மனம் வரவில்லை. ‘என் அப்பா டிரைவர்’ தமிழில் முழு வாக்கியம். பெயரே பயனிலையாக நிற்கும், வினை தேவையே இல்லை. ஆங்கிலத்தில் அது நடக்காது. ‘இஸ்’ வந்தே ஆகவேண்டும்.

எழுவாயும் அப்படித்தான். ‘நேற்று வந்தேன்’ என்றால் வந்தது நான்தான் என்று ‘ஏன்’ விகுதியே சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘கேம் எஸ்டர்டே’ என்று மட்டும் எழுதினால் வந்தது யார் என்றே தெரியாது. அதனால் சாதாரண வாக்கியத்தில் எழுவாய் இடத்தைக் காலியாக விடக் கூடாது. சொல்வதற்கு ஆள் இல்லாவிட்டாலும் எதையாவது வைத்து நிரப்ப வேண்டும். ‘இட் இஸ் ரெய்னிங்.’ “இட்னா எது மிஸ், வானமா, மேகமா?” என்று கேட்டார்கள். எதுவும் இல்லை, இடத்தை நிரப்ப வந்த சொல், அவ்வளவுதான்.

ஜூலை 10, வியாழன்

எனக்கு மிகவும் பிடித்த பாடம் இன்றைக்கு. இரண்டு வாக்கியங்கள்:

ஷீ மேட் ஹிம் டீ.
ஷீ மேட் ஹிம் கேப்டன்.

பார்த்தால் இரண்டும் ஒரே அச்சு. எஸ், வி, அப்புறம் இரண்டு பெயர். பிள்ளைகள் இரண்டுக்கும் எஸ்.வி.ஐ.ஓ.டி.ஓ. போட்டார்கள். நான் கேட்டது ஒரே கேள்வி: அவன் டீயா? வகுப்பே சிரித்தது. அவன் கேப்டனா? ஆமாம். அங்கேதான் விஷயம். ‘ஹிம்’மும் ‘கேப்டன்’னும் ஒரே ஆள், அதனால் அது காம்ப்ளிமென்ட், எஸ்.வி.ஓ.சி. ‘ஹிம்’ வேறு, ‘டீ’ வேறு, அதனால் அவை இரண்டு ஆப்ஜெக்ட்.

சந்தேகமாக இருந்தால் மாற்றி எழுதிப் பார்க்கலாம். ‘ஷீ மேட் டீ ஃபார் ஹிம்’, பொருள் மாறவில்லை. ‘ஷீ மேட் கேப்டன் ஃபார் ஹிம்’ என்று எழுதினால் வாக்கியமே உடைந்துவிடுகிறது.

‘ஹி மெட் எ டாக்டர்’, ‘ஹி பிகேம் எ டாக்டர்’ இரண்டிலும் இதே கதைதான். சந்தித்தவர் வேறு, டாக்டர் வேறு. ஆனால் டாக்டர் ஆனவரும் டாக்டரும் ஒருவரே. முதல் வாக்கியத்தைச் செயப்பாட்டு வினைக்கு மாற்றலாம், இரண்டாவதை மாற்றவே முடியாது. ‘எ டாக்டர் வாஸ் பிகம் பை ஹிம்’ என்று ஒரு பையன் சொல்லிப் பார்த்துவிட்டு, “கேக்கவே நல்லா இல்ல மிஸ்” என்று அவனே தலையை ஆட்டினான். அந்தக் காது வந்துவிட்டால் போதும்.

ஜூலை 11, வெள்ளி

அட்ஜங்ட். எங்கே, எப்போது, எப்படி, ஏன் என்ற கேள்விக்குப் பதிலாக வரும் பகுதி. எடுத்துவிட்டாலும் வாக்கியம் நிற்கும் என்றுதான் வழக்கமாகச் சொல்லிக்கொடுக்கிறோம். ‘ஷீ சாங் இன் தி ஹால்’ என்பதில் ‘இன் தி ஹால்’ போனாலும் ‘ஷீ சாங்’ நிற்கும். ஆனால் ‘ஷீ புட் தி புக் ஆன் தி டேபிள்’? கடைசிப் பகுதியை வெட்டினால் ‘ஷீ புட் தி புக்’ என்று அந்தரத்தில் தொங்கும். ‘புட்’ என்ற வினை, எங்கே என்ற பதில் இல்லாமல் விடாது.

ராண்டால்ஃப் குவர்க்கும் மற்ற மூவரும் 1985-இல் வெளியிட்ட பெரிய ஆங்கில இலக்கணம், விட முடியாத இந்தப் பகுதியையும் கணக்கில் சேர்த்து ஏழு வாக்கிய அமைப்புகளைத் தருகிறது. தேர்வுக்கு இவ்வளவு வேண்டாம்தான். ஆனாலும் சொன்னேன். எந்தெந்தப் பகுதி வேண்டும் என்பதை வினைதான் முடிவு செய்கிறது என்று தெரிந்துகொண்ட பிள்ளை பேட்டர்ன் பட்டியலைப் பார்த்துப் பயப்படாது.

ஜூலை 12, சனி

மொட்டை மாடித் தரையில் சாக்பீஸால் படம் போட்டோம். 1877-இல் ரீட், கெல்லாக் என்ற இரண்டு அமெரிக்க ஆசிரியர்கள் பரப்பிய முறை இது. படுக்கையாக ஒரு கோடு. அதைக் குறுக்கே வெட்டிக் கீழே வரை இறங்கும் செங்குத்துக் கோட்டுக்கு இடப்பக்கம் எழுவாய், வலப்பக்கம் வினை. வினைக்கும் ஆப்ஜெக்டுக்கும் நடுவில் இன்னொரு செங்குத்துக் கோடு, ஆனால் அது படுக்கைக் கோட்டோடு நின்றுவிடும். காம்ப்ளிமென்ட் என்றால் அந்தக் கோடு எழுவாய்ப் பக்கமாகச் சாயும். யாரைப் பற்றிச் சொல்கிறதோ அவரை நோக்கிச் சாய்கிறது! அடைகள், அதாவது மற்றச் சொற்களை விவரிக்கும் சொற்கள், எல்லாம் கீழே சாய்வுக் கோடுகளில் தொங்கும்.

எழுதவே தயங்கும் பின் வரிசைப் பெண்தான் இன்றைக்கு முதலில் சாக்பீஸை வாங்கினாள்.

ஜூலை 15, செவ்வாய்

நால்வகை வாக்கியம். செய்தி வாக்கியம் பிள்ளைகளுக்கே தெரியும். கட்டளையில் எழுவாய் எங்கே என்று கேட்டார்கள். ‘யூ’ மறைந்திருக்கிறது. ‘வாஷ் யுவர்செல்ஃப்’ என்கிறோம், ‘வாஷ் ஹிம்செல்ஃப்’ என்று யாரும் சொல்வதில்லை. மறைந்திருப்பது யார் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

கேள்வியில் நமக்கு ஓர் ‘ஆ’ போதும்: வந்தாயா? ஆங்கிலத்தில் துணை வினை எழுவாய்க்கு முன்னால் போக வேண்டும், அது இல்லையென்றால் ‘டூ’வைக் கொண்டுவர வேண்டும். ஷேக்ஸ்பியர் காலத்தில் ‘டூ’ போட்டும் கேட்டார்கள், போடாமலும் கேட்டார்கள். பிறகுதான் அது கட்டாயமானது.

வியப்பு வாக்கியத்தில் மட்டும் கவனம். ‘வாட் எ பியூட்டிஃபுல் பேர்ட் இட் இஸ்!’ கடைசியில் ‘இஸ் இட்’ என்று புரட்டக் கூடாது. ‘வாட்’டைக் கண்டதும் பிள்ளைகளின் கை கேள்விக்குப் போய்விடுகிறது.

ஜூலை 18, வெள்ளி

‘ஐ வேக்கிங் அப், ஈட்டிங் இட்லி, வென்ட் டு ஸ்கூல்.’

இதை எழுதியவன் தமிழ் இலக்கணத்தை அப்படியே பின்பற்றியிருக்கிறான். ‘நான் எழுந்து, இட்லி சாப்பிட்டு, பள்ளிக்கூடம் போனேன்.’ எழுந்து, சாப்பிட்டு இரண்டும் வினையெச்சம், போனேன் ஒன்றுதான் முற்று. நம் மொழியில் எச்சங்களை எத்தனை வேண்டுமானாலும் கோத்துக்கொண்டே போகலாம். ஆங்கிலத்தில் இந்த இடத்தில் மூன்றையும் முற்றாக்கி, கடைசியில் ஓர் ‘அண்ட்’ வைப்பார்கள்: ‘ஐ வோக் அப், ஏட் இட்லி அண்ட் வென்ட் டு ஸ்கூல்.’

சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ் பாடத்துக்கு இதையே வாசலாக வைத்துக்கொண்டேன். வாக்கியத்தின் நீளத்தைப் பார்க்காதீர்கள், முற்றுகளை எண்ணுங்கள். ஒன்றே ஒன்று என்றால் சிம்பிள். ஒன்றுக்கு மேல் இருந்தால், அவற்றைச் சேர்த்து வைத்திருக்கும் சொல்லைப் பாருங்கள். ‘அண்ட்’, ‘பட்’ என்றால் இரண்டு பக்கமும் சமம், அது காம்பவுண்ட். ‘தோ’, ‘வென்’, ‘பிகாஸ்’ என்றால் ஒரு பக்கம் மற்றதை நம்பி நிற்கிறது, அது காம்ப்ளெக்ஸ்.

வகுப்பு முடிகிற நேரத்தில் அதே பையன் நோட்டை நீட்டினான். ‘ஆஃப்டர் ஈட்டிங் இட்லி, ஐ வென்ட் டு ஸ்கூல்.’

“முற்று ஒண்ணுதானே மிஸ், அப்போ சிம்பிளா?”

“சிம்பிள்தான். ஈட்டிங்கை எடுத்துட்டு ‘ஆஃப்டர் ஐ ஏட் இட்லி’ன்னு போட்டா?”

விரலால் எண்ணினான். “ஏட், வென்ட். ரெண்டு. ‘ஆஃப்டர்’ இருக்கு. காம்ப்ளெக்ஸ்.”