பால் கணக்கு போட்ட சுவர்

கிருஷ்ணகிரி மாவட்டத்து அஞ்செட்டிப் பக்கம் பூட்டிய வீடுகளைப் படம் எடுக்கப் போகும்போதெல்லாம் முதலில் பக்கத்து வீட்டில் கேட்டுவிடுவேன். ஆளில்லாத வீடு என்றாலும் அது யாரோ ஒருவருடைய வீடுதானே. போன வாரம் ஒரு பாட்டி, "போய் எடுத்துக்கோ சாமி, அவங்கெல்லாம் பெங்களூரு போயிட்டாங்க" என்றார்.

நாட்டு ஓடு பாதி சரிந்திருந்தது. மண்சுவரில் மழை வழிந்த தடம். திண்ணை மட்டும் இன்னும் வழவழப்பாக இருந்தது, எத்தனை பேர் உட்கார்ந்து தேய்த்ததோ. உள்ளே திருகைக்கல்லின் மேல்கல் இல்லை, கீழ்க்கல் மட்டும் தரையில் பதிந்து கிடந்தது. ராகி அரைத்த வீடு. சுவரில் ஒட்டியிருந்த கல்யாணப் பத்திரிகையில் தருமபுரி மாவட்டம் என்று போட்டிருந்தது. தருமபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல், அப்படியானால் அது அதற்கும் முந்தைய கல்யாணமாகத்தான் இருக்கும்.

அப்புறம் அடுப்படிச் சுவரைப் பார்த்தேன். கரியால் கோடு கோடாக, நான்கு கோட்டுக்குக் குறுக்கே ஒன்று, பால் கணக்கு. எங்கள் அம்மாவும் இப்படித்தான் எழுதுவார், அதைப் பார்த்ததும் கேமராவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஃப்ளாஷ் போட மனசு வரவில்லை, போட்டால் கரிக்கோடு வெளிறிவிடும். ட்ரைபாடில் வைத்து, ஓட்டுச் சந்து வழியாக வந்த வெளிச்சத்திலேயே ஷட்டரை ஒரு விநாடி திறந்து வைத்து எடுத்தேன்.

கடைசி வரிசையில் மூன்றே கோடுகள்.