பந்தியில் உட்கார்ந்திருந்தவர்

இராத்திரி 10.30 மணிக்கு மேல் ஸ்டுடியோ போன் அடித்தால் அது கல்யாண ஆர்டராக இருக்காது. யாரோ ஒருவர் காலமாகியிருப்பார்.

"அண்ணே, எங்கப்பா போட்டோ ஒண்ணு வேணும். பேனர் கடையில உக்காந்திருக்கோம். வீட்ல ஆதார் கார்டு போட்டோதான் இருக்கு. எங்க சித்தப்பா பையன் கல்யாணம் நீங்கதானே எடுத்தீங்க, அதுல இருப்பாரு பாருங்க."

எந்த வருடம் என்று கேட்டால் தெரியாது. "ஆவணி மாசம்ணே. ராயக்கோட்டை ரோட்டு மண்டபம். அன்னிக்குக்கூட மழை வந்து பந்தல் சாஞ்சுதே." மாப்பிள்ளை பெயரைக் கேட்டால் வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்வார்கள். பத்திரிகையில் இருப்பது வேறு பெயர். விடிவதற்குள் பேனர் கட்டியாக வேண்டும். அந்தப் பக்கம் பேசுகிறவருக்கு அழுது அழுது தொண்டை கட்டியிருக்கும். இந்தப் பக்கம் என் முன்னால் 11 ஹார்டு டிஸ்க்.

கிருஷ்ணகிரியில் இந்த வேலைக்கு 2009இல் வந்தேன். போட்டோ எடிட்டர் என்றால் முகத்தை வெள்ளையாக்குகிறவன் என்றுதான் ஊரில் அர்த்தம். நானும் அப்படித்தான் நினைத்து வந்தேன். பருவை அழிப்பது, பின்னணியை மாற்றுவது, சேர்ந்து ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளாத தாத்தா பாட்டியை ஒரே சோபாவில் உட்கார வைப்பது எல்லாம் போட்டோஷாப்பில் ஆறு மாதத்தில் கைவந்துவிட்டது. எடுத்த படத்தை மறுபடி தேடி எடுக்கக் கற்றுக்கொள்ளத்தான் பல வருடம் ஆனது.

எங்கள் முதலாளி ஃபிலிம் காலத்து ஆள். நெகட்டிவின் மேல் ஊசிபோலச் சீவிய பென்சிலால் தொட்டுத் தொட்டு முகச்சுருக்கத்தை மறைத்தவர். சுருக்கம் நெகட்டிவில் வெளிறிய கோடாகத் தெரியும். அதன்மேல் பென்சில் ஏறினால் பிரிண்டில் அந்த இடம் வெளுத்துவிடும். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு அவர் செய்த வேலையை நினைத்தால் போட்டோஷாப்பில் பருவை அழிக்கும் நம்முடைய ஹீலிங் பிரஷ் சோம்பேறிக்குக் கொடுத்த கருவி மாதிரி இருக்கிறது. அவரிடம் நீளமான கணக்கு நோட்டுகள் வரிசையாக இருந்தன. நெகட்டிவ் கவர் நம்பர், தேதி, ஊர், விசேஷம், கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் 'மழை', 'பெண் வீடு சூளகிரி', 'பந்தியில் சண்டை', 'பாக்கி 200' என்றெல்லாம் எழுதியிருப்பார். சேர்ந்த புதிதில் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். பந்திச் சண்டையை எதற்கு எழுதி வைக்க வேண்டும்?

என் கம்ப்யூட்டரில் அப்போது இருந்த ஃபோல்டர்களின் பெயர்களைச் சொன்னால் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குப் புரியும்: 'நியூ ஃபோல்டர் 3', 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'ஃபைனல் கரெக்ட்'.

2012 வைகாசியில் அதற்குக் கூலி கிடைத்தது. அன்று ஒரு கல்யாணத்துக்கு ஒரே கம்பெனியின் இரண்டு கேமராக்கள். இரண்டுமே படத்துக்கு 'ஐஎம்ஜி' என்று போட்டு நான்கு இலக்க எண் கொடுக்கும். 9999 வந்துவிட்டால் மறுபடி 0001. இரண்டு கார்டையும் ஒரே ஃபோல்டரில் கொட்டினேன். அதே பெயரில் ஏற்கெனவே படம் இருக்கிறது, மாற்றட்டுமா என்று விண்டோஸ் கேட்டது. டீ வந்திருந்தது. எல்லாவற்றுக்கும் சரி என்று அமுக்கிவிட்டு எழுந்து போனேன். கார்டு இரண்டையும் தம்பி ஒருவன் ஃபார்மட் செய்து, மறுநாள் பர்கூர் காதுகுத்துக்குப் பையில் வைத்துவிட்டான். நான்கு நாள் கழித்து ஆல்பம் போட உட்கார்ந்தபோது மாலை மாற்றும் படம் ஒன்றுகூட இல்லை.

தப்பித்தது அதிர்ஷ்டத்தால்தான். மாலை மாற்றிய கார்டு காதுகுத்தில் பயன்படாமல் பையிலேயே கிடந்தது. கேமராவில் சாதாரணமாக ஃபார்மட் செய்யும்போது படம் போய்விடுவதில்லை, எது எங்கே இருக்கிறது என்ற பட்டியல்தான் போகிறது. முதலாளியின் நோட்டைக் கிழித்துப் போட்டாலும் பீரோவில் நெகட்டிவ் இருக்கிற மாதிரி. போட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். படங்கள் வந்தன, பெயர் எதுவும் இல்லாமல், முந்தைய மூன்று விசேஷங்களின் மிச்சமும் கலந்து. ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த நாளும் நேரமும் எக்ஸிஃப் குறிப்பாக இருப்பதால் அதை வைத்துப் பிரித்தேன். சில படங்களில் பாதி மாலையும் பாதி சாம்பல் கட்டமும். முதலாளி சரியாகத் திட்டினார். திட்டி முடித்து, "கவர் மேல நம்பர் எழுதாம நெகட்டிவ் பொட்டியில போடுவியாடா?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து கேமராவுக்கு ஒரு ஃபோல்டர். காப்பி ஆகும்போதே தேதி, நேரம், கேமரா எழுத்து சேர்ந்து படத்தின் பெயர் மாறிவிடும். வருடம்தான் முதலில் வரும், பிறகு மாதம், பிறகு நாள். அப்போதுதான் வரிசை தானாக அமையும். இரண்டு டிஸ்கில் ஏறி, எண்ணிப் பார்த்த பிறகே கார்டைத் துடைப்போம். ஒரு டிஸ்க் முதலாளி வீட்டுக்குப் போய்விடும். ஒரு கல்யாணத்துக்கு 3,500 படம், கேமரா பதப்படுத்தாமல் தரும் ரா ஃபைல் ஒவ்வொன்றும் 25 முதல் 30 எம்பி என்றால் சுமார் 100 ஜிபி. டிஸ்க் செலவைப் பார்த்து முகம் சுளிக்கும் ஸ்டுடியோக்காரர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நானே சுளிப்பதை விட்டுவிட்டேன்.

நேரத்தை நம்பிப் பிரிப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. வெளியிலிருந்து கூப்பிட்ட போட்டோகிராபரின் கேமராவில் உள் பேட்டரி செத்து, கடிகாரம் ஏதோ ஒரு ஜனவரி 1இலிருந்து ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு கேமரா படங்களையும் சேர்த்து அடுக்கினால் தாலி கட்டிய பிறகு நலங்கு வரும். இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். கெட்டிமேளம் கொட்டும்போது எல்லோரும் அட்சதை தூவுவார்கள் அல்லவா, இரண்டு கேமராவிலும் அட்சதை காற்றில் நிற்கிற ஒரு படம் கட்டாயம் இருக்கும். இரண்டிலும் அதே மாமாவின் கை மேலே போயிருக்கும். அந்த இரண்டு படங்களுக்கும் உள்ள நேர வித்தியாசத்தை எடுத்து, படங்களை அடுக்கித் திருத்தும் லைட்ரூம் மென்பொருளில் அந்தக் கேமராவின் மொத்தப் படங்களுக்கும் திருத்திவிடுவேன். இப்போது மண்டபத்தில் இறங்கியதும் எல்லோரும் ஒரே செல்போனின் கடிகாரத்தை முதல் படமாக எடுத்துக்கொள்கிறோம். அட்சதைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

லைட்ரூமுக்கு முன்னால் பிகாசா வைத்திருந்தோம். நல்ல மென்பொருள், இலவசம், முகங்களைத் தானே கூட்டம் கூட்டமாகப் பிரித்து யார் என்று கேட்கும். ராத்திரி போன்களுக்கு அது பெரிய துணை. 2016இல் கூகுள் அதை நிறுத்திவிட்டது. லைட்ரூமுக்கு மாறியபோது முதல் வாரமே தலைவலி. லைட்ரூம் படத்தைத் தனக்குள் வைத்துக்கொள்வதில்லை. படம் இருக்கும் இடத்தையும் நாம் செய்த திருத்தத்தையும் ஒரு கேட்டலாக்கில் எழுதிக்கொள்கிறது, அவ்வளவுதான். இது தெரியாமல் தம்பி ஃபோல்டர்களைச் சுத்தம் செய்கிறேன் என்று வெளியே இழுத்து வேறிடத்தில் போட்டான். காலையில் வந்து திறந்தால் படத்துக்குப் படம் ஆச்சரியக்குறி. எனக்கும் அதே குறிதான்.

முகம் கண்டுபிடிக்கும் வசதி அதிலும் இருக்கிறது. ஆனால் அண்ணன் தம்பிகளைக் குழப்பும், பக்கவாட்டில் திரும்பிய பாட்டிகளை விட்டுவிடும். தை, மாசியில் எங்கள் பக்கம் எருது விடும் விழா நடக்கும்போது அது சுத்தமாக உதவாது. மாட்டுக்காரர்களுக்குத் தன் முகம் படத்தில் இல்லாவிட்டால் பரவாயில்லை, மாட்டின் முகம் வேண்டும். எல்லா மாடும் ஒன்றுபோலப் பாய்கிறதே என்று நான் திணறுவேன். மாட்டுக்காரர் மானிட்டரிலிருந்து எட்டு அடி தள்ளி நின்றபடியே, "இதான் நம்மளுது, கொம்பு நீலம்" என்பார். அதனால் அந்தப் படங்களுக்கு ஊர், கொம்பின் வண்ணம், கழுத்துத் துண்டு என்று குறிச்சொல் போட ஆரம்பித்தேன். அப்போதுதான் முதலாளியின் குறிப்புக் கட்டம் எதற்கு என்று உறைத்தது. ஆள் எப்படி ஞாபகம் வைத்திருக்கிறாரோ, அப்படித்தான் வந்து கேட்பார்.

அப்புறம் அந்த நோட்டின் கட்டங்களையே லைட்ரூமின் குறிச்சொற்களாக மாற்றினேன். ஊர், தமிழ் மாதம், மண்டபம் இருக்கும் ரோடு, பெண் வீட்டு ஊர், வீட்டுப் பெயர், அன்று நடந்த ஏதாவது ஒன்று. ஆங்கிலத்தில் தட்டினால் ஊர்ப் பெயரே மூன்று விதமாக வரும். வேப்பனப்பள்ளியை ஒருவன் 'பள்ளி' என்று முடிப்பான், இன்னொருவன் 'ஹள்ளி' என்பான். தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே எழுத்துக்கூட்டு என்று ஒரு பட்டியல் அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். தர்மபுரி அருங்காட்சியகத்தில் இருக்கும் நடுகற்களைப் பார்த்தபோது இந்தப் பட்டியல்தான் நினைவுக்கு வந்தது. எழுத்துள்ள கல்லில் எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, எந்த ஊர், யாருடைய மகன், தொறு மீட்டுப் பட்டான், அதாவது மாட்டு மந்தையை மீட்டு இறந்தான் என்று இருக்கும். எழுத்தில்லாத கல்லில் வில்லும் வாளுமாக ஒருவர் நிற்கிறார், அவ்வளவுதான்.

நிறத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியாது. "கொஞ்சம் கலராப் பண்ணுங்கண்ணே" என்று கேட்காத குடும்பமே இல்லை. செய்து கொடுத்திருக்கிறேன், அதில் எனக்குப் பெருமை இல்லை. பெண்ணின் கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம் என்று 12க்கு 36 அங்குல ஷீட்டில் அச்சாகி வந்தால் ஆல்பம் இருக்கிறவரைக்கும் அது அப்படியே இருக்கும். இப்போது முகத்தைத் தொடாமல் மண்டபத்து மஞ்சள் வெளிச்சத்தை மட்டும் ஒயிட் பேலன்ஸில் சரிசெய்து காட்டுகிறேன். பத்தில் ஆறு பேர், "இது போதும்ணே" என்று விடுகிறார்கள். மீதி நாலு பேரிடம் வாதாட எனக்குத் தெம்பில்லை.

படங்களைக் கழிப்பதிலும் என் வழக்கம் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் கண் மூடியது, ஆடியது, வாயில் சோறு இருப்பது எல்லாவற்றையும் அன்றே அழித்துவிடுவேன். ஆல்பத்துக்குப் போவது 300, மற்றதெல்லாம் குப்பை. இப்போது மங்கலானதையும் இரட்டிப்பானதையும் மட்டும் அழிக்கிறேன். பந்திப் படங்களில் கை வைப்பதில்லை. மேடைக்கு வராதவர்கள் பந்திக்கு வந்திருப்பார்கள்.

ஆவணி, ராயக்கோட்டை ரோடு, மழை. மூன்றையும் தட்டினேன். 2017இல் ஒரு கல்யாணம் வந்தது. மேடைப் படங்கள் முழுக்கத் தேடியும் அப்பா இல்லை. பேனர் கடையிலிருந்தே வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்த மகன், "எங்கப்பா மேடையெல்லாம் ஏற மாட்டாருண்ணே" என்றார். பந்திப் படங்களுக்குப் போனோம். மூன்றாவது வரிசைக் கடைசியில் இருந்தார். எதிரில் இலை, தோளில் பச்சைத் துண்டு, பாயச வாளி வருகிற திசையைப் பார்த்து முகம் லேசாக மலர்ந்திருந்தது.

இலையை எடுத்தேன், பக்கத்து ஆளின் முழங்கையை அழித்தேன். பேனர் என்றால் வழக்கம் என்று ஒரு வெள்ளைச் சட்டையும் மாட்டி, பச்சைத் துண்டை எடுத்துவிட்டு அனுப்பினேன். இரண்டு நிமிடம் பதில் இல்லை. அப்புறம் போன் வந்தது.

"அண்ணே, துண்டைத் திரும்பப் போட்டுடுங்க. அது இல்லாம அவரு வேற யாரோ மாதிரி இருக்காரு."

போட்டு அனுப்பினேன். மணி 12.20. மூடுவதற்கு முன்னால் அந்தப் படத்தின் குறிச்சொற்களைத் திறந்து, ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் 'பந்தி, மூன்றாவது வரிசை, பச்சைத் துண்டு' என்று சேர்த்துவிட்டு ஷட்டரை இறக்கினேன்.