டிரெய்லருக்குள் கண்ணாடி டம்ளர்

கார் இழுத்துப்போகிற சின்ன டிரெய்லரில் கண்ணாடிச் சாமான் எதற்கு என்று ராம்நாட்டு அத்தை கேட்காத நாளில்லை. எவர்சில்வர் போதும்தான். ஆனால் அரியமான் கடற்கரையில் சாயங்காலக் கட்டன் டீ கண்ணாடி டம்ளரில் இருந்தால்தான் எனக்கு டீ. சரி, உடையாமல் எப்படிக் கொண்டுபோவது?

பாம்பன் ரோட்டுப் பாலத்தில் ஒவ்வொரு இணைப்பிலும் சக்கரம் தடக் தடக்கென்று ஏறி இறங்கும். அந்த ஆட்டத்தில் டம்ளரும் டம்ளரும் முட்டிக்கொள்வதுதான் வினை. அதனால் ஒன்றுக்குள் ஒன்று செருகவே கூடாது. டம்ளருக்கு ஒரு பழைய சாக்ஸ் மாட்டி, அடியில் துண்டு விரித்த பனையோலைப் பெட்டியில் நெருக்கமாக நிறுத்துவேன். ஓலை கொஞ்சம் வளைந்து கொடுக்கும். பெட்டியை ஆட்டிப் பார்த்தால் சத்தமே வரக்கூடாது. வந்தால் இன்னொரு துணி. செய்தித்தாள் வேண்டாம், கடற்காற்றில் நமுத்துப்போகும்.

தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்காமல், இடையில் துணி வைத்து நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள். சுலபத்தில் உடையாதபடி கடினமாக்கிய டஃபன்டு கண்ணாடியானாலும் விளிம்பில் அடிபட்டால் பொடிப்பொடிதான். கனமான சாமான் எல்லாம் தரையோடு, சக்கர அச்சுக்குப் பக்கத்தில். வண்டியின் வால்பகுதிதான் அதிகம் தூக்கிப்போடும்.

அப்புறம் டிரெய்லருக்குள் இருக்கிற அலமாரியின் கதவு. காந்தப் பிடிப்பை நம்பாதீர்கள், தாழ்ப்பாள் போடுங்கள். அதுவும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில். சாதா இரும்பு இந்த உப்புக்காற்றில் சீக்கிரமே துருப்பிடித்து இறுகிவிடும். போய்ச் சேர்ந்ததும் கதவை மெல்லத் திறவுங்கள், சாய்ந்து நிற்கிற தட்டு நேரே உங்கள் கால்மேல்தான் விழும்.