லாக் டெர்க்: வெறுங்காலில் மூன்று நாள் தவம்

அயர்லாந்தின் வடமேற்கே டொனகால் மாவட்டத்தில் பெட்டிகோ என்றொரு சிற்றூர். அங்கிருந்து சுமார் 7 கி.மீ. போனால் லாக் டெர்க் ஏரிக்கரை. ஏரிக்குள் இருக்கும் ஸ்டேஷன் தீவுக்குப் ‘புனித பாட்ரிக்கின் உத்தரிக்கிற ஸ்தலம்’ என்று பெயர். பாட்ரிக் அயர்லாந்தின் பாதுகாவல் புனிதர்; உத்தரிக்கிற ஸ்தலம் என்பது இறந்தவர்களின் ஆன்மா மோட்சத்துக்கு முன் வேதனைப்பட்டுத் தூய்மையாகும் நிலை. இங்கிருந்த ஒரு குகையில் ஆண்டவர் பாட்ரிக்குக்கு உத்தரிப்பு வேதனையைக் காட்டினார் என்பது ஐதீகம். 12ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பா முழுவதும் இதன் புகழ் பரவியிருந்தது.

மூன்று நாள் தவயாத்திரை ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 15, மாதா விண்ணேற்புத் திருநாள் வரை நடக்கும். 15 வயது நிரம்பியிருக்க வேண்டும்; பிறர் துணையின்றி நடக்கவும் முழந்தாளிடவும் முடிய வேண்டும். ஒருசந்தி, அதாவது நாளுக்கு ஒரே வேளை உண்ணும் உபவாசம், தொடங்குவது தீவில் அல்ல, புறப்படும் நாளுக்கு முந்தைய நள்ளிரவில், வீட்டிலேயே. தண்ணீரும் மருந்தும் மட்டும் எடுத்துக்கொள்ளலாம். தீவில் நாளுக்கு ஒரே ஒரு வேளை: காய்ந்த டோஸ்ட், ஓட்ஸ் ரொட்டி, பாலில்லாத தேநீர் அல்லது காபி. பசியைவிடக் காபி நின்ற தலைவலியே பலரைச் சாய்க்கும். ஒரு வாரம் முன்பிருந்தே குறைத்துக்கொள்வது நல்லது.

படகு காலை 11 மணியிலிருந்து மாலை 3 மணி வரை. கடைசிப் படகுக்கு வருவது புத்திசாலித்தனமல்ல. முதல் நாள் இரவு ஆராதனைக்கு முன் மூன்று ‘ஸ்டேஷன்’, அதாவது வரிசையான ஜெபச் சுற்று, முடித்தாக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரமாவது பிடிக்கும். இறங்கியதும் காலணி கழற்றினால் மூன்றாம் நாள்தான் மறுபடி போடலாம். கைபேசியும் கூடாது.

ஒரு ஸ்டேஷன் என்பது இவ்வளவு: ஆலயத்தில் நற்கருணையின் (பூசையில் அர்ச்சித்த அப்பம்) முன் ஜெபித்து, புனித பாட்ரிக் சிலுவையடியில் முழந்தாளிட்டு ஒரு பரலோக மந்திரம், ஒரு அருள்நிறை மந்திரம், ஒரு விசுவாச மந்திரம். பிறகு ஆலயச் சுவரிலுள்ள புனித பிரிஜித் சிலுவையில் முதல் இரண்டும் மும்மூன்று, ஒரு விசுவாச மந்திரம். சிலுவைக்கு முதுகு காட்டி நின்று, இரு கையும் விரித்து, உலகம், சரீரம், பிசாசு மூன்றையும் விட்டுவிடுவதாக மும்முறை சொல்ல வேண்டும். அடுத்து ஜெபமாலையில் ஏழு பத்துமணி (ஒவ்வொன்றிலும் பத்து அருள்நிறை மந்திரம்) மௌனமாகச் சொல்லிக்கொண்டே ஆலயத்தை நான்கு முறை வலம் வருதல்.

கஷ்டம் அதற்குப் பிறகுதான். பழைய துறவிகளின் கல்குடில்களில் மிஞ்சிய அடித்தள வட்டங்கள் உள்ளன, ‘படுக்கைகள்’ என்பார்கள். பிரிஜித், பிரெண்டன், கத்தரீன், கொலம்பா என்று வரிசையாகப் போக வேண்டும். ஒவ்வொன்றிலும் வெளியே மூன்று வலம், வாசலில் முழந்தாள், உள்ளே மூன்று வலம், நடுச்சிலுவையில் முழந்தாள்; நான்கு இடத்திலும் மூன்று பரலோக மந்திரம், மூன்று அருள்நிறை மந்திரம், ஒரு விசுவாச மந்திரம். பெரிய படுக்கையை வெளியே ஆறு முறை சுற்றிய பின், அதற்குள் இருக்கும் பாட்ரிக் படுக்கை, தாவோக்–மொலெய்ஸ் படுக்கை. பின் நீர்க்கரையில் நின்று பரலோக, அருள்நிறை மந்திரங்கள் ஐந்தைந்து, முழந்தாளிட்டு ஐந்தைந்து, கூடவே விசுவாச மந்திரம். மறுபடி பாட்ரிக் சிலுவை, ஆலயத்தில் முடிவு ஜெபம்.

கற்கள் கூரானவை, சரிவானவை, மழையில் வழுக்கும். முழுப் பாதத்தையும் பதித்து, எடை மாற்றுமுன் கல் அசைகிறதா என்று பார்க்க வேண்டும். அவசரப்படுபவர்களுக்குத்தான் கால்விரல் அடிபடும். எண்ணிக்கை தப்பினால் பதற வேண்டாம், அந்த வட்டத்தை மட்டும் திரும்பச் செய்தால் போதும். காற்றில்லாத மாலையில் மிட்ஜ் என்ற பொடிக்கொசு மொய்க்கும். பூச்சித் தைலமும் மழைக்கோட்டும் அவசியம்.

இந்த எண்ணிக்கையும் சுற்றும் வெறும் சடங்காகத் தோன்றலாம். ஆனால் அயர்லாந்தில் கத்தோலிக்கம் பிழைத்த வழி இதில் இருக்கிறது. கி.பி. 431இல் போப் செலஸ்தீன் பல்லாடியுஸை ஆயராக அனுப்பும்போதே அங்கே கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். பாட்ரிக் வந்ததும் அதே நூற்றாண்டில். ஆனால் விதைத்தது வேறு, பிடுங்க முடியாமல் வேர்விட்டது வேறு. ஆங்கில அரசின் சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) மதம் நிலப் பறிப்போடும் அந்நிய மொழியோடும் வந்தது, மக்களோடு ஒட்டவில்லை. 1632இல் இந்தத் தீவின் கட்டடங்களை இடித்தார்கள். 1697 சட்டம் ஆயர்களையும் துறவிகளையும் நாடுகடத்தியது. 1704 சட்டப்படி இத்தகைய யாத்திரைக்குப் போனால் 10 ஷில்லிங் அபராதம், கட்டாவிட்டால் சவுக்கடி. கோவிலை இடிக்கலாம், குருவை விரட்டலாம். மனப்பாட ஜெபத்தையும் கல்வட்டத்தையும் என்ன செய்வது? கூட்டம் வந்துகொண்டேயிருந்தது.

ஞாயிறு பூசை தவறாத அயர்லாந்து என்று நாம் கேள்விப்படுவது இதைவிடப் பிந்தியது. 1829இல் கத்தோலிக்கர்களுக்குப் பாராளுமன்ற உரிமை, 1845–49 பெரும்பஞ்சம், 1850 தர்லஸ் ஆயர் மாமன்றம் ஆகியவற்றுக்குப் பிறகு கர்தினால் பால் கல்லன் காலத்தில் பங்குகள், அதாவது குருவின் பொறுப்பிலுள்ள கோவில் வட்டாரங்கள், ஒழுங்குபட்டன. அந்த ஒழுங்கு இன்று வெகுவாகத் தளர்ந்துவிட்டது. ஞாயிறு பூசைக்குப் போகாத சிலரும் லாக் டெர்க்குக்கு வருகிறார்கள்.

முதல் நாள் இரவு 10 மணிக்கு விழிப்பு தொடங்கும்; மறுநாள் இரவு 10 வரை, 24 மணி நேரம் தூங்கக் கூடாது. அடுத்த நான்கு ஸ்டேஷனும் இரவில் ஆலயத்துக்குள்ளேயே, எல்லாரும் சேர்ந்து உரக்கச் சொல்வது. விடியலுக்கு முந்தைய மூன்று மணி நேரம் ஆபத்து. இடைவேளையில் உட்கார்ந்தால் கண் சொருகிவிடும், எழுந்து வெளியே நடக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவரைத் தட்டி எழுப்புவது இங்கே மரியாதைக் குறைவல்ல, கடமை. பசிக்கு வெந்நீரில் உப்பும் மிளகும். அதற்கு ‘லாக் டெர்க் சூப்’ என்று பெயர். இரண்டாம் நாள் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை), எட்டாவது ஸ்டேஷன், சிலுவைப்பாதை, இரவில் தூக்கம். மூன்றாம் நாள் பூசைக்குப் பின் ஒன்பதாவது ஸ்டேஷன், பிறகு படகு. ஒருசந்தி அன்று நள்ளிரவு வரை நீடிக்கும் என்பதைப் பலர் வீடு திரும்பும் வழியில் உணவகத்தைப் பார்த்ததும் மறக்கிறார்கள். தூக்கம் கெட்ட உடம்போடு நெடுந்தூரம் கார் ஓட்டுவதும் வேண்டாம்.

இவ்வளவும் தாங்காது என்பவர்களுக்கு ஒருநாள் தியானம் உண்டு. அதற்குக் காலணி கழற்ற வேண்டாம், ஒருசந்தியும் இல்லை.