நான்காம் பாகத்தில் யானை வெடி

என் மாமா, அதாவது மனைவியின் அப்பா, அறுபது வருடமாகச் சுருட்டுப் பிடிக்கிறவர். அதுவும் கோடா என்கிற பனங்கட்டிப் பாணி போட்ட யாழ்ப்பாணச் சுருட்டு. வன்னியில், முத்தையன்கட்டில் எங்கள் வீட்டு விறாந்தைச் சுவருக்கு எத்தனை முறை வெள்ளையடித்தாலும் அந்த வாசம் போகாது. போன மார்கழி விடுமுறைக்கு ரொறன்ரோவில் இருந்து வந்த மைத்துனன், "அப்பா, இனி இந்தக் கண்றாவியை விடவேணும்" என்று ஒரு வெல்வெட் பெட்டியை நீட்டினான். மருந்தாக்கும் என்று மாமி முகம் மலர்ந்தார். திறந்தால் உள்ளே ஒரு சுங்கான், புகையிலை போட்டுப் புகைக்கிற பைப்.

சும்மா சொல்லக்கூடாது, வடிவான சாமான். அன்னத்தின் கழுத்துப் போல வளைவு, அடியில் தேன் நிறத்தில் ரேகை ஓடின கிண்ணம். மத்தியதரைக் கடல் பக்கம் வளரும் ஒரு செடியின் வேர்முடிச்சைக் கடைந்து செய்தது, அந்தக் கட்டை லேசில் எரியாது என்று மைத்துனன் விளக்கினான். விலையையும் சொல்லித் தொலைத்தான்.

"வேர்க்கட்டைக்கோ இவ்வளவு காசு? எங்கட காட்டில கிடக்கிற வேருக்கு நான் கோடீஸ்வரன் எல்லோ" என்றார் மாமா.

சுங்கானோடு 50 கிராம் புகையிலைப் பேணி ஒன்று, புகையிலையை அமத்துகிற சின்னக் கரண்டி மாதிரி ஒன்று, பஞ்சு சுற்றின கம்பிக்கட்டு ஒன்று. கம்பிகள் சுங்கானின் தண்டைத் துடைக்கிறதுக்காம். அது தெரிவதற்கு முதலே மாமி அத்தனையையும் எடுத்துப் போய்ப் புடலங்கொடியைப் பந்தலோடு கட்டிவிட்டார். ரொறன்ரோக் கம்பியில் ஏறின கொடி இந்தக் குறிச்சியில் எங்களிடம் மட்டும்தான் இருக்கிறது.

மாமாவுக்கும் சுங்கானுக்கும் ஒத்துவரவில்லை. அடியில் தளர்வாகவும் மேலே கொஞ்சம் இறுக்கமாகவும் நிரப்பவேண்டும், பற்றவைத்து, அமத்தி, திரும்பப் பற்றவைக்கவேண்டும், பிறகு சுடுதேத்தண்ணி உறிஞ்சுகிற மாதிரி மெதுவாக இழுக்கவேண்டும் என்று மைத்துனன் மூன்று நாள் வகுப்பு எடுத்தான். மாமா சுருட்டுக்கு இழுக்கிற இழுவையை இழுத்தார். ஒன்றில் நாக்கு வெந்தது, இல்லையென்றால் நெருப்பு நூர்ந்தது. மார்கழி மழையில் நெருப்புப்பெட்டி வேறு நமுத்துப் போயிருந்தது. மைத்துனன் விமானம் ஏறின அன்றே மாமா மடியில் இருந்து சுருட்டை எடுத்துவிட்டார்.

இந்த இடத்தில்தான் மாஸ்ரர் வருகிறார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். என் மகளுக்கு வாரத்தில் மூன்று நாள் கணிதம் சொல்லிக்கொடுக்கிறவர். அவருக்கும் விடுமுறைப் பரிசு வந்திருந்தது. சென்னைக்குப் போய்வந்த மகள் 'பொன்னியின் செல்வன்' வாங்கி வந்திருந்தாள். ஐந்து பாகம் வாங்கியவள், விமான நிலையத்தில் நிறை கூடிவிட்டது என்று ஒன்றை எடுத்து வழியனுப்ப வந்தவரிடம் கொடுத்துவிட்டாள். அது நான்காம் பாகம், மணிமகுடம்.

"சேலையில ஒண்டைக் குறைச்சிருக்கலாம்" என்று மாஸ்ரர் எங்களிடம்தான் சொன்னார். மகளிடம் சொல்லவில்லை.

மாமாவுக்கு அந்தக் கதையில் தீராத ஏக்கம் உண்டு. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாராவாரம் வந்ததை, மணியத்தின் படங்களோடு வெட்டிக் கட்டி வைத்திருந்தார் அவருடைய பெரியப்பா. சின்னப் பிள்ளையாக இருந்த மாமா படம் மட்டும் பார்த்தவர். பெரிசாகி வாசிக்கலாம் என்று விட்டுவைத்தது, ஒரு இடம்பெயர்வில் பெட்டியோடு போய்விட்டது. இப்போது வாசிக்கலாம் என்றால் ஒரு கண்ணுக்குப் புரை வெட்டியாயிற்று, மற்றக் கண் ஆசுப்பத்திரி வரிசையில் நிற்கிறது.

மாஸ்ரருக்கு ஏக்கம் சுங்கானில். ஆசிரியர் கலாசாலையில் அவருக்குப் படிப்பித்த விரிவுரையாளர் ஒருவர் சுங்கான் பிடிப்பாராம். அந்த மனிசனுக்கு நிரப்பிக் கொடுத்தே இவர் இரண்டு வருடம் கழித்திருக்கிறார். தன் வாயில் வைத்ததில்லை.

பேரம் சுலபமாக முடிந்தது. ஒரு அத்தியாயம் உரத்து வாசித்தால் ஒரு முறை சுங்கான். ஆனால் மாமா ஒரு நிபந்தனை போட்டார். நெருப்பு நூர்ந்தால் வாசிப்பும் நிற்கும், மிச்சம் அடுத்த சுங்கானுக்கு. தன் தலையில் தானே மண் போட்டது அவருக்கு ஒரு வாரம் போகத்தான் விளங்கியது. கதை ருசித்துவிட்டதால் நெருப்பைக் காக்கிற வேலை அவருடையதாகிவிட்டது. கையில் நெருப்புப்பெட்டியோடு மாஸ்ரரின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். "மெதுவா இழுங்கோ மாஸ்ரர், வந்தியத்தேவன் இன்னும் படகில ஏறேல்லை!"

ஒரு நாளைக்கு மூன்று அத்தியாயம். பேணிப் புகையிலை பொங்கலோடு தீர்ந்தது. பிறகு மாமாவின் சுருட்டை உதிர்த்துப் போட்டார்கள். கோடாவில் பனங்கட்டி இருக்கிறதல்லவா, அது சூடாகிப் பாகாகி, இழுக்க இழுக்கக் குடத்துக்குள் தவளை கத்துகிற மாதிரிச் சத்தம். துடைக்கக் கம்பியும் இல்லை. இரவில் ரோர்ச் லைட்டோடு போய்ப் புடலம்பந்தலில் இருந்து ஒரு கம்பியை அவிழ்த்துவந்த மாஸ்ரர் மாமியிடம் பிடிபட்டதைத் தனிப் பதிவாகத்தான் எழுதவேண்டும்.

பெரிய பழுவேட்டரையரின் அறுபத்துநான்கு விழுப்புண் பற்றி வாசித்த அன்று மாமா கேட்டார், "இவ்வளவு காயத்தோட இருக்கிற மனிசன், பின்னேரத்தில ஒரு சுருட்டுப் பிடிச்சிருப்பார் என்ன?"

மாஸ்ரருக்குள் இருந்த அதிபர் எழுந்துவிட்டார். "அண்ணை, கொலம்பஸ் அந்தப் பக்கம் போனதே 1492 இல. போர்த்துக்கேயன்தான் புகையிலையை இஞ்ச கொண்டுவந்தவன். இது அதுக்கு ஐந்நூறு வருசத்துக்கு முந்தின கதை."

"அப்ப மிளகாய்?"

"அதுவும் அவன் கொண்டுவந்ததுதான். சோழர் காலத்தில மிளகுதான்."

மாமா கொஞ்ச நேரம் யோசித்தார். "சுருட்டும் இல்லை, உறைப்பும் இல்லை. பிறகு ஆளையாள் வெட்டாமல் என்ன செய்யிறது?"

இரண்டாம் பாகத்தில் வேறு பிரச்சினை. கோடிக்கரையில் பூங்குழலியின் படகில் ஏறி ஈழத்துக்கு வந்த வந்தியத்தேவன் அநுராதபுரம் வரை போகிறான். "வடக்கால வந்து அநுராதபுரம் போறவன் வன்னிக்காட்டைத் தாண்டாமல் எப்பிடிப் போவான்? எங்கட பக்கத்தைப் பற்றி ஒரு வரி இல்லையோ?" என்று மாமா கோபித்தார். அந்தக் கோபம் வன்னியை ஆண்ட பண்டார வன்னியன் வரை போனது. "சோழனுக்கு அஞ்சு பாகம். 1803 இல வெள்ளைக்காரனோட நிண்டு பிடிச்சவனுக்குக் கற்சிலைமடுவில ஒரு கல்லு!"

அடுத்த நாள் வாசிப்பில் வந்தியத்தேவன் ஒரு பாலை மரத்தடியில் குதிரையைக் கட்டிவிட்டுப் பாலைப்பழம் சாப்பிட்டான். பசை உதட்டில் ஒட்டிக்கொண்டதாம். மாமாவுக்குப் பெரிய சந்தோசம். எனக்கு இலேசாக இடித்தது. ஆனாலும் கல்கி எழுதாத மரமா என்று விட்டுவிட்டேன்.

மூன்று பாகத்தின் 156 அத்தியாயங்களும் மாசி கடைசியில் முடிந்தன. வயலில் காலபோக நெல் முற்றி நின்றது. நான்காம் பாகத்துக்கு என்ன செய்யப்போகிறார்கள் என்று பார்த்தால், மறுநாள் பின்னேரமே மாஸ்ரர் ஒரு புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தார். மற்ற மூன்றையும் போலவே பத்திரிகைத் தாளில் உறை, அதன்மேல் சிவப்பு மையில் 4. "கிடைச்சிட்டுது" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

ஆதித்த கரிகாலன் கடம்பூர் மாளிகையில் இருக்கிறான். சரி, அது கதையில் உள்ளதுதான். அன்றைக்கு முந்தின இரவு பக்கத்து வயலுக்குள் யானை இறங்கி, ஊரே தகரம் தட்டி விழித்திருந்தது. கடம்பூரிலும் யானை இறங்கியது. மாளிகைக்குப் பின்னால் வேலியைப் பிரித்துக்கொண்டு கதிர்ப் பயிருக்குள் நின்றது. காவல்காரர் தகரம் தட்டினார்கள். யானை அசையவில்லை. அப்போது வந்தியத்தேவன் ஓடிவந்து, இடுப்பில் இருந்த யானை வெடியை எடுத்துக் கொளுத்திப் போட்டான்.

விறாந்தைக் குந்தில் இருந்த எனக்குத் தேத்தண்ணி புரையேறியது.

மாமாவும் விடவில்லை. "மாஸ்ரர், சுருட்டே இல்லாத காலத்தில வெடி இருந்ததோ?"

மாஸ்ரர் சுங்கானை ஒரு இழுவை இழுத்தார். தவளை கத்தியது. "சீனாக்காரன் அப்பவே வெடிமருந்து கண்டுபிடிச்சிட்டான் அண்ணை. சோழனுக்குச் சீனாவோட வியாபாரம் இருந்ததுதானே."

அதே நேரம் உள்ளே இருந்து மகளின் குரல்: "அப்பா, என்ர கணிதப் புத்தகத்தைக் கண்டீங்களோ? மாஸ்ரர் வாங்கினவர், இன்னும் தரேல்லை."

மாஸ்ரர் என்னைப் பார்த்தார். நான் மழை வருமோ என்று பார்ப்பது போல வானத்தைப் பார்த்தேன்.

வாய்க்கால் கட்டில் வைத்து மெல்லக் கேட்டேன். மனிசன் மறைக்கவில்லை. "ஐம்பது வருசத்துக்கு முதல் வாசிச்சது தம்பி. எலும்பு ஞாபகம் இருக்கு, சதையை நான் போடுறன். ஒரு கிழமை நிப்பாட்டினால் உங்கட மாமா சுங்கானை அலுமாரியில வைச்சுப் பூட்டிப்போடுவார்."

எனக்கு மனம் கேட்கவில்லை. வவுனியாவுக்கு வேலையாகப் போன நண்பனிடம் சொல்லி உண்மையான மணிமகுடத்தை எடுப்பித்தேன். மாஸ்ரர் கிளினிக்குக்கு முல்லைத்தீவு போயிருந்த ஒரு நாள், நானே மாமாவுக்கு முதலில் இருந்து வாசித்தேன். சுங்கான் எனக்குப் பழக்கமில்லை, ஆகவே கூலி இல்லாத வாசிப்பு. ஒரு அத்தியாயம் முடிந்தது. மாமா ஒன்றும் பேசவில்லை. இரண்டாவதும் முடிந்தது. மூன்றாவதின் நடுவில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"யானை எப்ப வரும்?"

"இதில யானை வெடி இல்லை மாமா."

"பாலைப்பழம்?"

"இல்லை."

மாமா புத்தகத்தை வாங்கி, நல்ல கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, தாளைத் தடவிப் பார்த்தார். "குறைப் புத்தகத்தை உன்ர தலையில கட்டிப்போட்டாங்கள். திருப்பிக் குடுத்துக் காசை வாங்கு."

மாஸ்ரர் அடுத்த நாள் வந்தார். மாமாவே சுருட்டை உதிர்த்து, அடியில் தளர்வாய், மேலே இறுக்கமாய் நிரப்பிக் கொடுத்தார். சிவப்பு மையில் 4 போட்ட புத்தகம் விரிந்தது. யானை இரண்டாவது தடவையும் வந்தது, இந்த முறை குட்டியோடு.

அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிற பாடப்புத்தகம் ஒன்றுக்கு இரண்டாம் பிரதி எடுப்பது எவ்வளவு பாடு என்று இப்போதுதான் தெரிகிறது. பத்தாம் தரக் கணிதம் யாரிடமாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள். மாற்றாக மணிமகுடம் தருகிறேன், புத்தம் புதிது, இரண்டரை அத்தியாயம்தான் வாசித்தது.