லேபிள் அழிந்த குப்பி

மார்ச் 4, செவ்வாய்

லேப் ஃப்ரிட்ஜைச் சுத்தம் செய்தபோது பின்வரிசையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி. அடியில் வெளிர் மஞ்சள் தூள், லேபிளில் மை கரைந்து வெறும் நீலத் திட்டு. யாரைக் கேட்டாலும் "என்னோடது இல்ல". தூக்கிப் போட மனசு வராமல், துளி மெத்தனாலில் கரைத்து மாஸ் ஸ்பெக்கில், அதாவது மூலக்கூறின் நிறையை அளக்கும் கருவியில், விட்டேன். திரையில் உயர்ந்து நின்ற பெரிய கோடு, அதாவது பீக், 308.1257.

மார்ச் 5, புதன்

மூலக்கூறின் மேல் ஒரு புரோட்டான் ஏறிய அயனிதான் என்று நானாக முடிவுகட்டிக் கணக்குப் போட்டதில் கார்பன் 19, ஹைட்ரஜன் 17, நைட்ரஜன் 1, ஆக்சிஜன் 3 கிட்டத்தட்டப் பொருந்தியது, ஆனால் 8 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 8 பங்கு, உதைத்தது. கருவி மேல் பழியைப் போட்டுவிட்டு, நிறை தெரிந்த காஃபீனை விட்டுப் பார்த்தால் 195.0876. வரவேண்டியது 195.0877. கருவி ஒழுங்காகத்தான் இருக்கிறது.

டீ குடித்துவிட்டு வந்து ஸ்பெக்ட்ரத்தைப் பெரிதாக்கினேன். 286.1437-இல் ஒரு குட்டி பீக். வித்தியாசம் 21.982, அதாவது புரோட்டான் உட்கார வேண்டிய இடத்தில் சோடியம் உட்கார்ந்திருக்கிறது! அப்படியானால் குட்டி பீக்தான் புரோட்டான் ஏறியது; அதைக் கழித்தால் மூலக்கூறின் நிறை 285.1364. ஒற்றைப்படை, ஆகவே நைட்ரஜன் விதிப்படி நைட்ரஜன் எண்ணிக்கையும் ஒற்றைப்படை. கனமான கார்பன்-13 காட்டுகிற பக்கத்து ஐசோடோப்பு பீக் 18.8 சதவீதம், ஒரு கார்பனுக்கு 1.1 என்று வைத்தால் 17 கார்பன். கார்பன் 17, ஹைட்ரஜன் 19, நைட்ரஜன் 1, ஆக்சிஜன் 3. உதைக்கவே இல்லை.

மார்ச் 6, வியாழன்

அந்த ஃபார்முலாவைத் தேடினால் முதலில் வந்து நிற்பது மார்ஃபீன், லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்கக் கூடாத போதை மருந்து. வயிற்றில் புளியைக் கரைத்தது. லைசென்ஸ் இல்லாத லேபில், பால் பாக்கெட் வைக்காத குறையாக எல்லாரும் திறக்கிற ஃப்ரிட்ஜில்! கொஞ்சம் கீழே பிப்பரின், மிளகின் காரம். அணுக்கள் அத்தனையும் அதே எண்ணிக்கை. என் ஆராய்ச்சி கைடிடம் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 7, வெள்ளி

286 அயனியைக் கருவிக்குள்ளேயே துண்டாக உடைத்துப் பார்த்தேன், 201 நிறையுள்ள துண்டு வந்தது. படித்துப் பார்த்தால் மார்ஃபீனும் 201 தருமாம், இது என்னடா சோதனை. அப்புறம்தான் தசமத்தைப் பார்த்தேன்: மார்ஃபீனுக்கு 201.0910, பிப்பரினுக்கு 201.0546. என்னுடையது 201.0545. கழன்றுபோன 85.089 பிப்பெரிடின் வளையம். முழு எண் மட்டும் காட்டுகிற பழைய கருவியாக இருந்திருந்தால் இன்றைக்கும் தூங்கியிருக்க மாட்டேன்.

ராத்திரி பழைய சீனியர் அண்ணாவுக்கு போன். "அடேய், அது எம்எஸ்சி பசங்க பிராக்டிகலுக்கு நான் எடுத்து வெச்ச மிளகு சாம்பிள்டா, இன்னுமா இருக்கு?"

புது லேபிள் ஒட்டியாயிற்று. பென்சிலில் எழுதினேன், மெத்தனால் பட்டாலும் அழியாது.